உண்ணாமையும் அதன் பொருளும்: உண்ணல் கோளாறுகளில் பால், இன வேறுபாடுகள் குறித்த வரலாற்று நோக்கு (பெங்களூரை முன்வைத்து)

முன்னுரை

உணவிருந்தும் உண்ணாது மெலிதல், பசி அடங்கிய பின்னும் நிறுத்த இயலாது உண்ணுதல், உண்டதை வலிந்து வெளியேற்றுதல் ஆகியன இன்றைய மனநல மருத்துவத்தில் 'உண்ணல் கோளாறுகள்' என்னும் ஒரே தொகுதியுள் வைத்து எண்ணப்படுகின்றன. இவை மேலைநாட்டு வெள்ளையினத்தாருள்ளும் வசதி படைத்த குடும்பத்து இளம்பெண்களுக்கே உரியவை என்னும் கருத்து 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நிலவியது. இந்தியாவில் இத்தகு நோயாளர் அரியர் என்றே பாடநூல்கள் கூறிவந்தன.

இக்கருத்தை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கும் ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தைச் (நிம்ஹான்ஸ்) சேர்ந்த பிரபா சந்திராவும் அவருடன் இணைந்தோரும் அந்நகர மனநல மருத்துவர்களிடம் நிகழ்த்திய கணக்கெடுப்பு அது. விடையளித்த 66 மருத்துவருள் மூன்றில் இரு பங்கினர் தம் பணிக்காலத்தில் உண்ணல் கோளாறுடையோர் ஒருவரையேனும் கண்டதாகத் தெரிவித்தனர். ஆய்வுக்கு முந்தைய ஓராண்டில் மட்டும் 74 பேர் அவர்களிடம் வந்திருந்தனர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மருத்துவர் இந்நோய் பெருகிவருவதாகக் கருதினர்.

இல்லை எனப்பட்ட நோய் ஒரு நகரில் ஓராண்டில் 74 பேரிடம் காணப்படுமாயின், இத்தகையோர் முன்னர் எங்கிருந்தனர் என்னும் வினா எழுகிறது. நகரமயமும் ஊடகமும் நோயைப் புதிதாகக் கொணர்ந்தன என்பது ஒரு விடை. அதில் உண்மை உண்டு. ஆயினும் அவ்விடை முழுமையானதன்று. மெலிந்த உடலைக் காண்போர் அதற்கு வேறு பெயரிட்டு அமைந்தமையும் ஒரு காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பஞ்சம், நோன்பு, மருத்துவ வரையறை என்னும் மூன்று திரைகள் நோயாளரை மறைத்தன என்பதும், அம்மறைப்பு பாலுக்கும் இனத்துக்கும் ஏற்ப வேறுபட்டது என்பதும் ஈண்டுக் கருதுகோளாகக் கொள்ளப்படுகின்றன. பண்டை இலக்கிய மாந்தர்க்கு இன்றைய நோய்ப்பெயர் சூட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. உண்ணாமைக்கு நம் மரபு எத்தனை பொருள்களை வழங்கியுள்ளது என்பதை அறிதலே நோக்கம்.

சொல்லும் பொருளும்

இந்நோய்களுள் முதன்மையானது 'அனோரெக்சியா நெர்வோசா' எனப்படுகிறது. கிரேக்க மூலத்தில் 'அனோரெக்சியா' என்பது பசி அல்லது உணவு விருப்பம் இல்லாமையைக் குறிக்கும். தமிழில் இதனைப் 'பசியின்மை நோய்' எனப் பெயர்ப்பாரும் உளர். ஆயின் இந்நோயுற்றார் பலருக்குப் பசி உண்டு. அப்பசியை அவர்கள் அடக்குகின்றனர். எனவே மூலச்சொல்லில் உள்ள பிழை மொழிபெயர்ப்பிலும் தொடர்கிறது. 'உண்ணாமை' என்னும் சொல் செயலை மட்டுமே சுட்டிக் காரணத்தைத் திறந்து வைப்பதால் அதுவே பொருத்தமுடையது எனலாம்.

ஆயுர்வேத நூல்கள் கூறும் 'அரோசகம்' ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. உணவில் சுவையும் விருப்பமும் இழக்கும் இந்நோய்க்கு வாத, பித்த, கபங்களேயன்றித் துயரம், அச்சம், சினம், மிகு ஆசை போன்ற மனக்காரணங்களையும் சரக சங்கிதை குறிப்பிடுகிறது. உண்ணாமைக்கு மனம் காரணமாதல் கூடும் என்னும் அறிவு இந்திய மருத்துவத்துக்குப் புதிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் மரபில் உண்ணாமை

தமிழ் இலக்கியத்தில் உண்ணாமை குறைந்தது நான்கு நிலைகளில் இடம்பெறுகிறது.

முதலாவது, மானம் கருதிய உண்ணாமை. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு நேர்ந்த பகையின்பின் வடக்கிருந்ததும், அவனைக் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் வந்து உடனிருந்து உயிர்நீத்ததும் புறநானூற்றால் அறியப்படுவன. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதனும் வடக்கிருந்தான். இவை வேந்தரும் சான்றோரும் ஆகிய ஆடவர் தாமே தேர்ந்த செயல்கள்; புலவரால் பாடப்பெற்ற புகழ்ச் செயல்கள்.

இரண்டாவது, துறவு கருதிய உண்ணாமை. செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்ததைப் பதிவு செய்கிறது. கர்நாடகத்தின் சிரவணபெளகுளத்தில், சந்திரகிரிக் குன்றில், ஏறத்தாழ கி.பி. 600 முதலாகச் சல்லேகனை நோற்றாரின் கல்வெட்டுகள் தொடர்ந்து காணப்படுகின்றன. அவற்றுள் பெண்துறவியர் பெயர்களும் உள. சிலப்பதிகாரத்தில் கோவலன் முடிவைக் கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டு உயிர் துறந்ததும் இவ்வகையைச் சாரும்.

மூன்றாவது, விதிக்கப்பட்ட உண்ணாமை. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்பாய்தலைத் தடுத்த சான்றோர்க்குக் கூறும் புறநானூற்றுப் பாடல் (246) கைம்பெண்ணின் உணவைப் பட்டியலிடுகிறது. நெய்யற்ற பழஞ்சோறும் எள்துவையலும் வேளைக்கீரையும் உண்டு, பருக்கைக் கற்கள் மேல் படுத்துக் கிடப்பதைவிட ஈமத்தீயே தனக்கு ஏற்றது என்பது அவள் கூற்றின் கருத்து. ஆடவன் உண்ணாமையைத் தேர்ந்தான். கைம்பெண்ணுக்கு அது விதிக்கப்பட்டது. துறவு பூண்டு குடும்பத்தை நீங்கிய கவுந்திக்குத் தன் உண்ணாமையின் மேல் உரிமை இருந்தது. குடும்பத்துள் இருந்த பெண்ணுக்கு அவ்வுரிமை பிறரிடம் இருந்தது. இவ்வேறுபாடு பால் பற்றிய நம் ஆய்வுக்கு அடிப்படையாகும்.

நான்காவது, அகத்துறையில் வரும் உண்ணாமை. காமம் மிக்க நிலையில் உணவு குறைதலையும் உடல் மிகச் சுருங்குதலையும் உறக்கம் இன்மையையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அடுத்தடுத்து வைத்து எண்ணுகிறது. திருக்குறளின் 'உறுப்புநலன் அழிதல்' அதிகாரம் தோள் மெலிதலையும் வளை கழலுதலையும் பேசுகிறது. இவற்றினும் மேலாகக் கருதத்தக்கது வெறியாட்டுத் துறை. மகளின் மெலிவைக் காணும் தாய், கட்டுவிச்சியை வினவுகிறாள்; வேலனை அழைக்கிறாள்; முருகு அணங்கியது என முடிவு செய்து மறி அறுத்து வெறியெடுக்கிறாள். மெலிவு மெய், கூறப்பட்ட காரணம் பிழை. உண்மையான காரணத்தை அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஓர் உடற்குறி தவறாகப் பொருள் கொள்ளப்படும் முறையினை இத்துணை நுட்பமாகக் காட்டும் இலக்கியத் துறை பிறிதொன்று இல்லை எனத் துணிந்து கூறலாம். மருத்துவ வரலாற்றுக்கும் இது பயன்படும் சான்றாகும்.

காரைக்கால் அம்மையார் வரலாற்றையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். கணவனுக்கெனத் தாங்கிய தசையுடலை நீக்கிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் அவரைப் போற்றுகிறது. விலா எலும்பு தெரிய மெலிந்த அவர்தம் செப்புத்திருமேனிகள் உலகறிந்தவை. ஐரோப்பிய இடைக்காலப் பெண்துறவியரின் உண்ணாமையை ருடால்ப் பெல் 1985இல் 'புனித அனோரெக்சியா' என அழைத்தார். கரோலின் வாக்கர் பைனம் 1987இல் அதனை மறுத்து, அப்பெண்களின் உணவு மறுப்பை அவர்தம் சமயப் பொருளிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும் என வாதிட்டார். அம்மையார் திறத்தில் பைனத்தின் எச்சரிக்கையே ஏற்புடையது. அவர் துறந்தது உணவை அன்று. பெண்ணுடலுக்குப் பிறர் வைத்திருந்த உரிமையை.

பெரும்பசி: யானைத்தீயும் பஸ்மகமும்

உண்ணாமைக்கு எதிர்நிலையான அடங்காப் பசியும் தென்னாட்டு மரபில் நோயாகவே கருதப்பட்டது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை, விருச்சிக முனிவன் பன்னீராண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைச் சிதைத்தமையால் சபிக்கப்பெற்று 'யானைத்தீ' என்னும் பெரும்பசி நோய்க்கு ஆளாகிறாள். எவ்வளவு உண்டும் அடங்காத அப்பசியோடு காவிரிப்பூம்பட்டினத்தில் அலைந்த அவள், அமுதசுரபியின் உணவால் நலம் பெறுகிறாள்.

மேலை மருத்துவம் பெருந்தீனியும் வாந்தியும் கூடிய நோயைப் 'புலிமியா' என்கிறது. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு 'எருதுப்பசி' என்பது பொருள். ஒரு மரபு எருதையும் மற்றொரு மரபு யானையையும் அளவாகக் கொண்டு அடங்காப் பசிக்குப் பெயரிட்டது சொல்லாய்வார்க்குச் சுவை தருவதாகும்.

கன்னட நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. திகம்பர சமண ஆசாரியர் சமந்தபத்திரர் 'பஸ்மகம்' என்னும் தீராப் பசி நோயுற்றார் எனவும், நோய் காரணமாகச் சல்லேகனை நோற்க விழைந்தபோது ஆசிரியர் அதற்கு இசையவில்லை எனவும் சமண மரபு கூறும். அவர் அந்நோயை வென்றமையைச் சிரவணபெளகுளத்தின் 12ஆம் நூற்றாண்டு மல்லிசேன பிரசஸ்திக் கல்வெட்டு சுட்டுகிறது. காயசண்டிகை பெண், சமந்தபத்திரர் ஆண், அதிலும் துறவி. அடங்காப் பசியைத் தென்னாட்டார் ஒரு பாலுக்கு மட்டும் உரியதாக்கவில்லை என்பது இவ்விரு சான்றுகளாலும் விளங்கும். நோயுற்றார் இருவரும் இழிக்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

ஒரே பத்தாண்டில் இருவகை மெலிவு

இந்நோயின் மேலை வரலாறு பெரும்பாலும் 1873இலிருந்து தொடங்கப்படும். அவ்வாண்டு பாரிசில் லசேக் என்பாரும் லண்டனில் வில்லியம் கல் என்பாரும் தனித்தனியே இளம்பெண்களின் உண்ணாமையை விளக்கினர். 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயர் கல் வழங்கியது. 1874இல் அச்சான அவர் கட்டுரையில் நோயாளிப் பெண்ணின் மெலிந்த முகமும் நலமுற்ற முகமும் படங்களாக இணைக்கப்பெற்றன.

அதே பத்தாண்டில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தையும் மைசூர் அரசையும் தாது வருடப் பஞ்சம் தாக்கியது. 1871இல் 50 லட்சத்தைக் கடந்திருந்த மைசூரின் மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 42 லட்சமாகக் குறைந்தது. உணவு தேடிய மக்கள் பெங்களூருக்குள் திரண்டனர். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என வரையறுத்தார். அவ்வளவு உண்டு உழைப்போர் உயிர்தாங்க இயலாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். ஹூப்பர் என்னும் படை அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் எலும்புந்தோலுமான உடல்களை உலகுக்குக் காட்டின.

லண்டன் படங்களில் மெலிந்தவளுக்கு ஒரு தனி வரலாறு இருந்தது. அவள் வயது, குணம், குடும்பம், மனநிலை ஆகியன மருத்துவரால் வினவப்பட்டன. தென்னிந்தியப் படங்களில் மெலிந்தோர் பெயரற்ற கூட்டமாகவே நின்றனர். அவர்களிடம் வினவ வேண்டிய தேவை எழவில்லை. உணவின்மையே காரணம் என்பது வெளிப்படை. அப்பஞ்சத்தைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆயின் அதன்பின் இந்திய உடலின் மெலிவு என்றாலே வறுமை என்னும் பொருள் நிலைபெற்றுவிட்டது. உணவு கிடைக்காதோர் நாட்டில் உணவை மறுப்போர் இருத்தல் இயலாது என்னும் எண்ணம் காலனியப் பார்வையோடு முடியாமல் நம் பொதுப்புத்தியிலும் தங்கியது. இதுவே முதல் திரை.

வரையறையும் விடுபட்டோரும்

மேலை மருத்துவ வரலாறும் தொடக்கத்தில் ஒருபாற் சார்புடையதாக இருக்கவில்லை. ரிச்சர்டு மார்ட்டன் 1689இல் வெளியிட்ட நூலில் மனக்காரணத்தால் மெலிந்த இருவரைக் குறிக்கிறார். ஒருத்தி இளம்பெண்; மற்றவன் 16 வயதுச் சிறுவன், மதகுரு ஒருவரின் மகன். வில்லியம் கல்லும் தாம் ஆண்களிடம் இந்நோயை அரிதாகக் கண்டதுண்டு எனக் குறித்துள்ளார். பின்வந்த காலத்தே ஆண் நோயாளர் பார்வையினின்றும் மறைந்தனர். ஹில்டே புரூக் 1978இல் எழுதிய புகழ்பெற்ற நூல், இதனை வளம் மிக்க குடும்பத்துப் பெண்மக்களின் நோயாகவே மக்கள் மனத்தில் பதித்தது. நூலின் பெயரே 'பொற்கூண்டு' என்பது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு, உடல் பருத்துவிடும் என்னும் கடும் அச்சத்தை இந்நோயின் கட்டாயக் குறியாக்கியது. 1987இல் வந்த திருத்தம் பெண்களுக்கு மூன்று மாதவிடாய் தவறுதலையும் சேர்த்தது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது தொடர்ந்தது. இவ்விரு விதிகளும் இருதிறத்தாரை வெளியே நிறுத்தின. மாதவிடாயை அடையாளமாகக் கொண்ட வரையறை நோயின் உருவையே பெண்ணுருவாக்கியது. ஆண்மகன் அதற்குள் விதிவிலக்காகவே நுழைய முடிந்தது. பருமன் அச்சத்தை அளவுகோலாக்கியமையால், வேறு காரணம் கூறி உண்ண மறுத்த பிற இனத்தார் நோயாளர் ஆகாது போயினர்.

இரண்டாம் திறத்தார் கற்பனை மாந்தர் அல்லர். ஹாங்காங்கின் சிங் லீ 1993இல் வெளியிட்ட ஆய்வில் 70 சீன நோயாளருள் 41 பேர், அதாவது 58.6 விழுக்காட்டினர், நோய்க்காலம் முழுவதும் பருமன் அச்சம் இல்லாதோர். வயிறு உப்புகிறது, பசியில்லை, உணவு பிடிக்கவில்லை என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள். 1995இல் தில்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களின் நோய் வரலாற்றை வெளியிட்டனர். உண்ண மறுப்பு, வாந்தி, எடைக்குறைவு, மாதவிடாய் நிற்றல் ஆகியன இருந்தும், தம் உடலைப் பருத்ததாகக் காணும் மாறுபாடு அவர்களிடம் இல்லை. 2007இல் வெளிவந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வு, உண்ணல் கோளாறுடைய 41 சிறார், வளரிளம் பருவத்தினருள் 85.4 விழுக்காட்டினரிடம் மனக்காரணத்தால் எழும் வாந்தியையும், 14.6 விழுக்காட்டினரிடம் மட்டுமே அனோரெக்சியாவையும் கண்டது. நோய் இல்லாமையன்று, நோய் வேறு மொழியில் பேசியமையே இங்குப் புலனாகிறது.

இத்தகு சான்றுகளின் பயனாக வரையறைகள் மாறின. 2013இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு மாதவிடாய் விதியை நீக்கியது. பருமன் அச்சமோ எடை கூடுதலைத் தடுக்கும் இடைவிடாத நடத்தையோ இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்றது. பெருந்தீனிக் கோளாற்றைத் தனி நோயாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பருமன் அச்சம் பெரும்பாலும் காணப்படும் குறியாகவே கூறப்படுகிறது. கட்டாயக் குறியாக அன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரு விதியால் வெளியே நின்றோர்க்கு இப்போதுதான் வாயில் திறந்துள்ளது.

ஆடவர் திறத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. மெலிய விழையாது தசை திரட்ட விழைந்து, உணவை அளந்தும் விலக்கியும் உடற்பயிற்சியில் தம்மை வருத்துவோர் நிலையைப் போப் முதலானோர் 1990களில் விளக்கினர். இந்நிலை இன்று உண்ணல் கோளாறுகளுள் எண்ணப்படாது, உடலுரு பற்றிய கோளாறுகளுள் வைக்கப்படுகிறது. பெண்ணின் உணவு மறுப்பு நோயாகக் காணப்படும் இடத்தில் ஆணின் உணவு ஒழுங்கு கட்டுப்பாடாகப் பாராட்டப்படுகிறது. வடக்கிருந்த வேந்தனைப் புகழ்ந்தும் கைம்பெண்ணின் உணவை விதித்தும் நின்ற பழைய வேறுபாட்டோடு இதனை இணைத்துக் காணலாம்.

வினாநிரலின் மொழி

மருத்துவர் நோயாளரைக் கண்டறிய வினாநிரல்களைப் பயன்படுத்துகின்றனர். தமிழாய்வார் நேரடியாகப் பங்களிக்கத்தக்க களம் இதுவே.

மைக்கேல் கிங்கும் தினேஷ் புக்ராவும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், வடஇந்தியப் பள்ளி மாணவியர் பலர் 26 வினாக்கள் கொண்ட உண்ணல் மனப்பான்மைச் சோதனையில் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். மதிப்பெண்ணை மட்டும் கொண்டால் அவர்களுள் நோய்க்கூறு மலிந்திருப்பதாகத் தோன்றும். விடைகளை நுணுகி நோக்கியபோது, உணவில் தன்னடக்கம் காட்டுதல், உணவைச் சிறு துண்டுகளாக்குதல் போன்ற வினாக்களுக்கு அவர்கள் நல்லொழுக்கம் கருதியும் விரத வழக்கம் கருதியும் 'ஆம்' என்றமை தெரியவந்தது. நோயைக் காண எழுந்த வினா, நோன்பைக் கண்டு திரும்பியது.

தமிழில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. விரதம், நோன்பு, ஒருபொழுது, பத்தியம், உபவாசம், பட்டினி என உண்ணாமைக்கு நம்மிடம் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் 'பட்டினி' தவிர ஏனையவை உயர்வுப் பொருளன. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அளவறிந்து உண்பதையே நலவாழ்வாகக் கூறுகிறது. 'உணவைக் கட்டுப்படுத்துகிறீர்களா?' என்று ஒரு தமிழ்ப்பெண்ணை வினவினால், அவள் அதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ளாது பாராட்டாகவே கொள்ளுதல் கூடும். நோயுற்றவளும் அதே விடையைத் தருவாள். இருவரையும் பிரித்தறிய அச்சொல் உதவாது. உண்ணாமைக்கு அறநெறி ஒரு மறைவிடம் ஆகிறது. இதுவே இரண்டாம் திரை.

இதற்கு மறுதலையான பிழையும் நேர்தல் கூடும். நம் பெண்டிர் நோற்பதெல்லாம் விரதமே என்று ஒதுக்கினால் உண்மை நோயாளர் விடுபடுவர். பிரிட்டனின் பிராட்போர்டு நகரில் 1988இல் வெளியான ஆய்வு, தெற்காசிய மரபினரான பள்ளி மாணவியரிடம் புலிமியா 3.4 விழுக்காடும் வெள்ளையின மாணவியரிடம் 0.6 விழுக்காடும் இருந்ததாகக் கண்டது. அதன் தொடர்ச்சியாக வந்த ஆய்வில், மேலைப் பண்பாட்டை மிகுதியும் ஏற்றோரைவிட மரபு சார்ந்த குடும்பத்து மாணவியரிடமே உண்ணல் மனப்பான்மை மதிப்பெண் உயர்ந்திருந்தது. மரபு காப்பாகும் என்னும் நம்பிக்கையை இம்முடிவு அசைக்கிறது. குடும்பக் கட்டுக்கும் வெளியுலகுக்கும் இடைப்பட்ட நெருக்கடி, தன் ஆளுகைக்கு உட்பட்ட ஒரே பொருளான உணவின்மேல் வெளிப்படுவதாகக் கொள்ளுதல் பொருந்தும்.

ஊடகத்தின் பங்கினையும் மறுத்தற்கில்லை. பிஜித் தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல் வந்தது. அவ்வாண்டிலும் 1998இலும் அங்குப் பள்ளி மாணவியரை ஆராய்ந்த ஆன் பெக்கர், கோளாற்றைச் சுட்டும் உயர் மதிப்பெண் பெற்றோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்தமையைக் கண்டார். உடல் எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுப்போர் முன்னர் ஒருவரும் இலர், பின்னர் 11.3 விழுக்காட்டினர். ஹாங்காங்கிலும் பின்வந்த ஆண்டுகளில் பருமன் அச்சமுடைய நோயாளர் பெருகினர். எனவே பழைய உண்ணாமை மறையாதிருக்கவே புதிய உண்ணாமையும் அதனோடு சேர்கிறது எனக் கொள்ளுதலே ஏற்புடையது.

பெங்களூரின் இடம்

இவ்விரு நிலைகளும் ஒருங்கே காணத்தக்க நகரம் பெங்களூர். 1809இல் பாளையம் அமைந்த காலந்தொட்டு அங்குத் தமிழர் வாழ்ந்துவருகின்றனர். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே தெருவில் வாழ்தல் அந்நகரின் இயல்பு. தகவல் தொழில்நுட்பப் பெருக்கத்துக்குப் பின் வடபுலத்தாரும் பெருகினர். 19ஆம் நூற்றாண்டில் மனநோயாளர் காப்பகமாகத் தொடங்கிய மருத்துவமனையோடு, 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனம் 1974இல் இணைந்து இன்றைய நிம்ஹான்ஸ் ஆயிற்று. பன்மொழி நோயாளர் நாள்தோறும் வந்து சேரும் இடம் அது.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை இப்பின்புலத்தில் வைத்து நோக்க வேண்டும். அது மருத்துவரை வினவியது, மக்களை அன்று. மனநல மருத்துவரை நாடி வந்தோர் மட்டுமே அதில் எண்ணப்பட்டனர். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் பொது மருத்துவரிடம் சென்றோர், மாதவிடாய் நின்றமைக்கு மகப்பேறு மருத்துவரிடம் சென்றோர், கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்லப்பட்டோர், எங்கும் செல்லாதோர் ஆகியோர் அதற்குள் வாரார். ஆகவே 74 என்பதைத் தொடக்க எண்ணாகக் கொள்ள வேண்டுமேயன்றி முடிந்த எண்ணாகக் கொள்ளல் ஆகாது.

அண்டை நகரங்களின் சான்றுகளும் இதனை வலியுறுத்துகின்றன. சென்னையில் 1995இல் வெளியான ஆய்வொன்று 210 மருத்துவ மாணவருள் 14.8 விழுக்காட்டினரிடம் முழு நோயாக முதிராத 'உண்ணல் இடர்' நிலையைக் கண்டது. மைசூரில் 1,600 மாணவரிடம் நிகழ்த்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரை நோய் வாய்ப்புடையோராகச் சுட்டியது. வினாநிரல் மதிப்பெண் நோய் முடிவாகாது என்பதை மேலே கண்டோம். இவ்வெண்களையும் அவ்வெச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும். எனினும் இவை காட்டும் திசை தெளிவானது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

உண்ணல் கோளாறுகள் ஓர் இனத்துக்கோ ஒரு பாலுக்கோ உரியன என்னும் கருத்து, நோயின் இயல்பினின்றும் தோன்றியதன்று. நோயை வரையறுத்தோர் யாரைக் கண்டனர் என்பதினின்றும் தோன்றியது.

தென்னிந்தியாவில் மெலிவுக்கு வறுமை ஒரு பொருளாகவும் நோன்பு ஒரு பொருளாகவும் நின்று நோயை மறைத்தன. பருமன் அச்சம், மாதவிடாய் என்னும் மேலை அளவுகோல்கள் அம்மறைப்பை நிறைவு செய்தன.

உண்ணாமை ஆடவரிடம் புகழாகவும் பெண்டிரிடம் கடமையாகவும் கருதப்பட்ட மரபு, இரு பாலாரின் துன்பத்தையும் வெவ்வேறு வகையில் காணாமற் செய்தது.

பெங்களூர் போன்ற பன்மொழி நகரில் நோயறியும் வினாக்கள் அவ்வம்மொழியின் உணவுச் சொற்களை அறிந்து அமைக்கப்பட வேண்டும். நோன்புக்கும் நோய்க்கும் இடையே வேறுபாடு காட்டும் தமிழ் வினாநிரலை உருவாக்குவதில் மருத்துவரோடு தமிழாய்வார் இணைந்து செயற்படல் இன்றியமையாதது. பட்டினியால் இதயம் தளர்ந்து உயிரிழக்கும் இடர் உள்ள நோய் இது. ஒரு சொல்லின் பொருள் தவறுதல் இங்கு ஏட்டளவில் நின்றுவிடும் பிழையன்று.

வெறியாட்டுப் பாடல்களில் வேலன் கழங்கு நோக்கிக் காரணம் கூறினான். தாய் அதனை நம்பினாள். இருவரும் மெலிந்தவளை வினவவில்லை. வினவாமலே அறியும் அணுக்கம் தோழிக்கு இருந்தது. அவ்வணுக்கம் இல்லாத மருத்துவமனையில் வினாவே தோழியின் பணியைச் செய்ய வேண்டியுள்ளது. அவ்வினாவை நோயாளர் அறிந்த மொழியில், அவர் நாணாத சொல்லில் அமைத்துத் தருதல் நம் துறைக்கும் உரிய கடமையாகும்.